யன்னலில் ஒரு டிராகன்

போன சனிக்கிழமை, நூற்றைம்பது பேருக்கு முன்னால், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, என் மகள் என்னை ஒரு பயந்தாங்கொள்ளி என்று சொன்னாள்.

எல்லாரும் கை தட்டினார்கள்.

நானும் தட்டினேன். வேறு என்ன செய்வது? முன்வரிசையில் இருந்தேன். கையில் பாதி கடித்த ரோல்ஸ். எழுந்து நின்று, அதைக் கதிரையில் வைத்துவிட்டுத் தட்டினேன். பிறகு அதன் மேலேயே இருந்துவிட்டேன்.

ஆறு நாளாகிவிட்டது. காற்சட்டையில் பட்ட கறை போய்விட்டது. மற்றது போகவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு நான் எப்படிப்பட்டவன் என்று தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன். மகள் சுரங்க ரயிலில் ஏறினால் 'ஏறீட்டன்', இறங்கினால் 'இறங்கீட்டன்' என்று எனக்குச் செய்தி வர வேண்டும். நடுவில் ரயில் நின்றுபோனால்? அதற்கும் ஒன்று வர வேண்டும். தண்ணீர்க் குழாய்களைக் கவனிக்கிற பொறியியலாளன் நான். எந்தக் குழாய் எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டியே பயப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதே வேலையை இலவசமாகச் செய்கிறேன்.

மகள் பெயர் மிதுனா. வயது பதினாறு. எட்டாம் வகுப்பில் இன்னொரு மொழி படிக்க வேண்டும் என்று வந்தபோது மற்றப் பிள்ளைகள் ஸ்பானிஷ், ஜெர்மன் என்று போனார்கள். இவள் சீனமொழியை எடுத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அந்த வகுப்பில ஆக்கள் குறைவு அப்பா. சத்தமில்லை."

இப்படித்தான் நோர்வேயில், புருசெத் என்ற புறநகரில், மூன்றாம் மாடியில், எங்கள் வீட்டுக்குள் டிராகன் வந்து சேர்ந்தது.

சீனமொழியில் நாலே நாலு எழுத்தில் ஆன தொடர்கள் நிறைய இருக்கின்றன. எழுத்துக்கு ஓர் ஓசை. நாலு ஓசைக்குள் ஒரு முழுக் கதையை மடித்து வைத்திருப்பார்கள். அவற்றில் டிராகனும் பீனிக்ஸும் அடிக்கடி வரும். ஊரை எரித்துப் பொசுக்குகிற டிராகன் அல்ல — மழை கொண்டு வருகிற டிராகன். அரசனுக்கு அடையாளம். அரசிக்கு பீனிக்ஸ்.

"எரிஞ்சு சாம்பலாகித் திரும்ப எழும்புமே, அந்தப் பறவைதானே?" என்று கேட்டேன்.

"அது வேற அப்பா. இது எரியாது. நல்ல காலம் வந்தா வந்து இருக்கும்."

எரியாத பறவை. என்னைப் போன்ற ஒருவனுக்கு அதைக் கேட்பதே பெரிய நிம்மதி.

அவளைவிட எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது. வெள்ளை அட்டைகளை வெட்டி, ஒரு பக்கம் அவள் எழுத்து, மறுபக்கம் என் தமிழ். 'லொங் ஃபெய் ஃபெங் வூ' — டிராகன் பறக்கிறது, பீனிக்ஸ் ஆடுகிறது. ஒருவருடைய கையெழுத்து துள்ளித் துடிக்கிறது என்று சொல்ல. (கிறுக்கல் எழுத்தைக் கிண்டல் பண்ணவும் அதையே சொல்வார்களாம்.) 'லொங் மா ஜிங் ஷென்' — டிராகனும் குதிரையும் சேர்ந்த உற்சாகம். வயதானவர்களை வாழ்த்த. புருசெத்தில் ரயில் ஏறி நகரத்தில் இறங்குவதற்குள் ஆறு அட்டை முடித்துவிடுவோம். எதிரே இருக்கும் நோர்வேக்காரர்கள் யன்னலுக்கு வெளியே இருட்டுச் சுரங்கத்தை மிக அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

ஒன்றை மட்டும் பெரிதாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். 'வாங் நூ செங் ஃபெங்.' மகள் பீனிக்ஸ் ஆக வேண்டும் என்று பெற்றவர்கள் எதிர்பார்த்திருப்பது. மகன் என்றால் டிராகன். யோசித்துப் பாருங்கள் — வெளிநாட்டுத் தமிழ்ப் பெற்றோரின் மொத்த வாழ்க்கையையும் யாரோ ஒரு சீனர் நாலு எழுத்தில் முடித்துவிட்டார்!

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

எங்கள் சனத்தின் கொண்டாட்டங்கள் உங்களுக்குத் தெரியும். கேக் வெட்டியதற்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் பிள்ளைகளை மேடையேற்றுவோம். ஒன்று கீபோர்ட் வாசிக்கும். இரண்டு பரதம் ஆடும். என் பிள்ளை சீனமொழியில் வாழ்த்தும். நான் மைக்கைப் பிடித்துப் பீடிகை போடுவேன், அவள் நாலு ஓசை சொல்வாள், நான் பொருள் சொல்வேன். அரை நிமிடம். மண்டபம் அதிரும்.

கொஞ்ச நாளில் முன்பதிவே தொடங்கிவிட்டது. "அண்ணை, வாற கிழமை எங்கட புது வீட்டுக் குடிபூரல். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஒரு டிராகன் விடட்டும்" என்று தொலைபேசியில் கேட்டார்கள். பட்டாசு மாதிரி.

இரண்டு வருடத்துக்கு முன்னர் பெரியபிள்ளையான ஒரு சிறுமியின் சாமத்திய வீட்டுக்குக் கேக்கிலேயே எழுதிக் கொடுத்தோம். டிராகனும் பீனிக்ஸும் ஒன்றாக வருகிற, மிக மங்கலமான ஒன்று — 'லொங் ஃபெங் செங் ஷியாங்.' அட்டையைப் பார்த்து நானே கடைக்காரருக்கு வரைந்து காட்டினேன். சிவப்புக் கேக், பொன்னிற எழுத்து. இணையத்தில் போட்ட அந்தக் கேக் படத்துக்குக் கிடைத்த விருப்பங்கள் இந்தப் பத்திக்குக்கூடக் கிடைத்ததில்லை.

பிறகு இந்தக் குளிர்காலம் வந்தது.

இங்கே உயர்தரப் பள்ளியில் இரண்டாம் ஆண்டை வேறொரு நாட்டில் போய்ப் படிக்கலாம். நோர்வேப் பிள்ளைகள் சாதாரணமாகப் போகிறார்கள். அந்த நாட்டில் ஒரு குடும்பம் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். சீனமொழி ஆசிரியை வகுப்பில் சொன்னாராம். மிதுனா வந்து கேட்டாள்: "அப்பா, நான் தைவானுக்குப் போட்டுப் பாக்கட்டோ?"

"போட்டுப் பாருங்கோவன் குஞ்சு," என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். கிடைக்காது என்று நினைத்தேன். ஆனால், 'தைவானுக்கு விண்ணப்பித்திருக்கிறாள்' என்பது அடுத்த கொண்டாட்டத்தில் சொல்ல நல்ல வசனம்.

கிடைத்துவிட்டது.

தைனான் என்ற நகரம். பத்து மாதம். லின் என்ற குடும்பம். ஆகஸ்டில் புறப்பட வேண்டும். பதினெட்டு வயது ஆகவில்லை என்பதால் தாய், தகப்பன் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள், இந்த வியாழக்கிழமை.

என் மனைவி சுகந்தி தாதியாக வேலை செய்கிறாள். வேலைக்குப் போட்ட உடுப்போடு நின்றபடியே, சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்து, தன் பெயருக்கு நேரே போட்டுவிட்டாள். தேத்தண்ணி ஆறவில்லை.

"இந்தாங்கோ. உங்கட இடம்."

"பாப்பம்," என்றேன் நான்.

யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவன் 'பாப்பம்' என்றால் என்ன பொருள் என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் தெரியும். 'இல்லை' என்று சொல்லத் தைரியம் இல்லாதவனுடைய 'இல்லை' அது.

மூன்று வாரம் 'பாப்பம்.' படிவம் குளிர்சாதனப் பெட்டியில், பீனிக்ஸுக்குக் கீழே தொங்கியது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் எடுக்கப் பழகிவிட்டேன்.

காரணங்கள் இல்லாமலா? அங்கே நிலம் நடுங்கும். சூறாவளி வரும். வீதி முழுக்க ஸ்கூட்டர். பக்கத்து நாட்டோடு என்ன நடக்கும் என்று செய்தியில் தினமும் நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்து விவாதிக்கிறார்கள். தைனானின் காலநிலையைப் போனில் போட்டு வைத்தேன். நிலநடுக்கம் வந்தால் மணி அடிக்கிற ஒன்றையும் போட்டேன். அது ஒருநாள் வேலையிடத்துக் கூட்டத்தில் அடித்தது. கடலுக்கு அடியில், யாருக்கும் தெரியாத ஒரு சின்ன நடுக்கம். எனக்கு வியர்த்துவிட்டது.

"பூமி நடுங்க முந்தி நீங்கள் நடுங்குறியள்," என்றாள் சுகந்தி. "உங்களுக்கு என்னதான் பயம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"சூறாவளி…"

"விசர்க் கதை கதையாதேங்கோ. பிள்ளை அங்கை நல்லா இருந்திடுவாள் எண்டுதான் உங்களுக்குப் பயம்."

மனைவிமாருக்கு இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது, பாருங்கள்… போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டு உடுப்புத் தோய்க்கப் போய்விடுவார்கள். நாங்கள் அங்கேயே நிற்போம்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் பரமேஸ் அண்ணையின் அறுபதாவது பிறந்தநாள். புருசெத்தில் ஒரு மண்டபம். காலையில் மிதுனா கேட்டாள்: "அப்பா, ஃபோர்ம்?"

"பாப்பம்."

அவள் போய்க் காய்ந்த உடுப்பை எடுத்து மடித்தாள். சாயங்காலம் சேலை கட்டிக்கொண்டு எங்களோடு வந்தாள். கீபோர்ட் முடிந்தது. பரதம் முடிந்தது. பரமேஸ் அண்ணையே என் கையில் மைக்கைத் திணித்தார். "தம்பி, எங்கை என்ர டிராகன்?"

மைக் கையில் வந்தால் எனக்கு வேறு ஏதோ ஆகிவிடுகிறது. அறுபது வயதுக்கு ஏற்ற டிராகன்-குதிரையை அறிமுகப்படுத்த வேண்டியதுதான் என் வேலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எல்லாருக்கும் ஒரு சந்தோசமான செய்தி. எங்கட மிதுனா தைவானில போய்ப் படிக்கத் தெரிவாகியிருக்கிறா!"

மண்டபம் அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். மேசையோரம் நின்ற சுகந்தி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். மிதுனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக நடந்து வந்து மைக்கை வாங்கினாள்.

"யெ கொங் ஹாவ் லொங்."

இந்த அட்டை என்னிடம் இல்லை. பொருள் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியாது. மற்றக் கையில் இருந்த ரோல்ஸோடு முன்வரிசையில் போய் இருந்தேன்.

"இதின்ர பொருளை இண்டைக்கு நானே சொல்லுறன்," என்றாள். "சீனாவில யெ எண்டு ஒரு பெரிய மனுசன் இருந்தவர். அவருக்கு டிராகன் எண்டா உயிர். வீட்டுத் தூணில டிராகன், சுவரில டிராகன், குடிக்கிற கோப்பையில டிராகன். வாற ஆக்களுக்கெல்லாம் காட்டுவார். இது மேல இருந்த உண்மையான டிராகனுக்குக் கேட்டுது. 'இவ்வளவு அன்பா என்னில? ஒருக்காப் போய்ப் பாப்பம்' எண்டு இறங்கி வந்து, யன்னலுக்குள்ள தலையை விட்டு எட்டிப் பாத்துது."

நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

"அவர் கத்திக்கொண்டு ஓடிட்டார். அவருக்கு விருப்பம் டிராகன் இல்லை… டிராகன் மாதிரி ஒண்டுதான். இது என்ர அப்பாவுக்கு."

கைதட்டல். நான் எழுந்து நின்றது, ரோல்ஸை வைத்தது, எல்லாம் இந்த இடத்தில்தான்.

பரமேஸ் அண்ணை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பிள்ளை உம்மை என்ன மாதிரி டிராகன் ரசிகன் எண்டு சபையில புகழ்ந்தாள், பாத்தீரே! குடுத்து வைச்ச ஆள் நீர்."

நூற்றைம்பது பேரில் மூன்று பேருக்குத்தான் விளங்கியது. அந்த மூன்று பேரும் ஒரே காரில் வீட்டுக்குப் போனோம்.

வழியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது சுகந்தி சொன்னாள்: "நல்லா வாங்கினியள்."

பிள்ளையின் திறமை என்றால் எங்களுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அது அரை நிமிடத்தில் முடிய வேண்டும். மேடைக்குள் அடங்க வேண்டும். முடிந்ததும் எங்கள் காரிலேயே ஏறி வீட்டுக்கு வர வேண்டும். நான் மட்டும்தானா அப்படி? நீங்கள்? …சரி, கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய அறைக் கதவைத் தட்டினேன்.

"சபையில வைச்சு அப்பிடிச் சொல்லலாமே, பிள்ளை?"

"நீங்களும் சபையில வைச்சுத்தானே என்னைக் கூப்பிடுறனீங்கள்."

கட்டில் ஓரத்தில் இருந்தேன்.

"அப்பா, நாலு வருசமாப் படிக்கிறன். நான் சைனீஸ் கதைச்சு நீங்கள் ஒருநாளாவது கேட்டிருக்கிறீங்களே?"

"ஏன், எவ்வளவு மேடையில…"

"அது கதைக்கிறது இல்லை. அது நாலு சொல்லு." கதிரையை என் பக்கம் திருப்பினாள். "புதன்கிழமை ரெண்டு மணிக்கு லின் அன்ரியோட வீடியோவில கதைக்க வேணும். நீங்களும் இருங்கோ. கேளுங்கோ. கேட்டிட்டு ஏலாது எண்டா ஏலாது எண்டு சொல்லுங்கோ. நான் அழுதிட்டு விட்டிடுவன். பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ அப்பா. அதை என்னால தாங்கேலாமக் கிடக்கு."

குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்களும் செவ்வாயும் எப்படிப் போயின என்று தெரியாது. வேலையிடத்தில் ஒரு குழாய்க்கு இரண்டு முறை அனுமதி கொடுத்துவிட்டேன். 'ஏலாது' என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வந்தது. 'ஓம்' என்றும் சொல்லிப் பார்த்தேன். அதுவும் வந்தது. இரண்டும் வரும் என்பதுதான் இன்னும் பயமாக இருந்தது.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டேன். சமையலறை மேசையில் மடிக்கணினி. மிதுனாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில். சுகந்தி பின்னால் வாசலில் சாய்ந்து நின்றாள்.

திரையில் லின் வந்தார். குட்டை முடி, மூக்கில் இறங்கிய கண்ணாடி, ஐம்பது வயதிருக்கும். முன்னால் ஒரு கொப்பியும் பேனையும். பின்னால் அவருடைய சமையலறை. ஒரு சோறு சமைக்கிற மெஷின். அதைக் கண்டதும் காரணமில்லாமல் கொஞ்சம் ஆறுதல்.

மிதுனா பேசத் தொடங்கினாள்.

அது எனக்குத் தெரிந்த குரல் இல்லை. தமிழ் பேசும்போது அவள் குரல் ஒன்று, நோர்வேஜியம் பேசும்போது இன்னொன்று. இது மூன்றாவது. கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் விரைவாக. தடுமாறினாள். நிறுத்தினாள். கையால் ஏதோ உருவம் காட்டினாள். லின் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். இவள் அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். ஓரிடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஓரிடத்தில் இவள் 'இல்லை, இல்லை' என்பது போல எதையோ மறுத்து வாதாடினாள் — வீட்டில் தாயோடு வாதாடுகிற அதே மூஞ்சியோடு.

எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. 'லொங்' வரும், 'ஃபெங்' வரும், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். பதினைந்து நிமிடம். ஒரு டிராகன்கூட வரவில்லை.

என் வயதுக்காரர் எத்தனையோ பேர் இந்த நாட்டில் பத்து வயதுப் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய், "என்ன சொல்லுறார், கேள்" என்று அதன் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் அப்படி இருந்ததில்லை. வந்த இரண்டாம் வருடமே மொழியைப் படித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை. ஐம்பத்திரண்டு வயதில், என் சொந்தச் சமையலறையில், முதல்முறையாக என் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தாங்க முடியவில்லை. நானும் இருக்கிறேன் என்று காட்ட வேண்டாமா? திரைக்குக் கிட்டக் குனிந்து, எனக்குத் தெரிந்ததிலேயே மிக மங்கலமானதை எடுத்து விட்டேன்:

"லொங் ஃபெங் செங் ஷியாங்!"

லின் கண்ணாடியைக் கழற்றினார். மிதுனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"அப்பா! பின்லி!" என்றாள் மிதுனா. மானம் போகிறது என்பதற்கு இங்கத்தைப் பிள்ளைகள் சொல்கிற நோர்வேஜியச் சொல் அது. "ஆருக்குக் கலியாணம் எண்டு கேக்கிறா."

"என்ன கலியாணம்?"

"அது கலியாண வீட்டில சொல்லுறது! மாப்பிள்ளை டிராகன், பொம்பிளை பீனிக்ஸ்!"

எனக்கு அந்தச் சிவப்புக் கேக் கண்ணுக்கு முன்னால் வந்தது. பொன்னிற எழுத்து. பதின்மூன்று வயதுப் பிள்ளை. மாப்பிள்ளை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

"நீ ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னனான். நீங்கள் மைக் டெஸ்ட் பண்ணிக்கொண்டு நிண்டனீங்கள்."

வாசலில் நின்ற சுகந்தி சிரித்ததில் அப்படியே கீழே இருந்துவிட்டாள். மிதுனா ஏதோ விளக்கம் சொன்னாள். லின்னுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். நல்ல வேளை, அந்தக் கேக்கை எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் லின் கொப்பியைத் திறந்து, என்னைப் பார்த்து நேராக ஒன்று கேட்டார். மிதுனா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்களைத்தான் கேக்கிறா. பிள்ளையைப் பற்றி அவ என்ன தெரிஞ்சு வைச்சிருக்க வேணுமாம்?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் பதினாறு வருடமாகப் பதில் தயாரித்து வைத்திருக்கிறேன்.

"காளான் சாப்பிட மாட்டாள் எண்டு சொல்லு."

சொன்னாள்.

"நீந்திப்போட்டு வந்தா காது வலிக்கும். பஞ்சு வைக்க வேணும்."

"அப்பா, அது சின்ன வயசில…"

"சொல்லு."

சொன்னாள். லின் எழுதினார்.

"தடிமன் பிடிச்சுத் தும்மினா மூக்கால ரத்தம் வரும், பயப்பட வேண்டாம். சோதினைக்கு முதல்நாள் சாப்பிட மாட்டாள், விடக்கூடாது. இடிச் சத்தத்துக்குப் பயம், கேட்டா இல்லை எண்டு சொல்லுவாள். கோபம் வந்தாக் கத்த மாட்டாள், உடுப்பு மடிப்பாள். மடிச்ச உடுப்பைத் திரும்ப மடிக்கிறாள் எண்டா ஏதோ நடந்திருக்கு, கேக்க வேணும்…"

எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். எதையும் விட்டிருக்கலாம். மாற்றியிருக்கலாம். எனக்குத் தெரியவா போகிறது? ஆனால் 'உடுப்பு மடிப்பாள்' என்ற இடத்தில் கையால் மடித்துக் காட்டினாள். அப்போதுதான் எல்லாவற்றையும் அப்படியே சொல்கிறாள் என்று தெரிந்தது.

ஆறு விஷயம் முடிந்தது. அதன் பிறகும் மிதுனா ஒரு வசனம் சொன்னாள். கொஞ்சம் நீளமான வசனம். லின் அதையும் எழுதினார். எழுதி முடித்து, சரியா என்று பார்க்கும்படி கொப்பியைத் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒழுங்கான எழுத்து, இலக்கம் போட்டு.

எண்ணிப் பார்த்தேன். ஏழு.

"நான் ஆறுதானே சொன்னனான்? ஏழாவது என்ன?"

மிதுனா மேசையைப் பார்த்தாள்.

"சொல்லன் பிள்ளை," என்றாள் சுகந்தி.

"அப்பா ஒவ்வொரு நாளும் போன் எடுப்பார். சில நேரம் நான் எடுக்க மாட்டன். அந்த நேரம் லின் அன்ரி, நீங்கள் எடுத்து, அவள் சாப்பிட்டிட்டாள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அவருக்கு அது காணும்."

திரையில் லின் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிதுனாவிடம் ஏதோ கேட்டார். அவள் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். அவர் வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சாப்… பிட்… டிட்… டாள்."

எழுந்து போனேன். படிவத்தை எடுத்தேன். பேனை எங்கே என்று தேடினேன். சுகந்தி தன்னுடையதை நீட்டினாள். நின்றபடியே போட்டதில் என் பெயர் கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

"இது உங்கட கையெழுத்தே?" என்றாள் அவள்.

"ஓம்," என்றேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? இல்லை. ஆகஸ்டுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் எத்தனை தரம் மனம் மாறுவேனோ… கையெழுத்து மாறாது, படிவத்தை அனுப்பியாகிவிட்டது. காதுக்கு வைக்கப் பஞ்சு வாங்கிவிட்டேன். அங்கே பஞ்சு விற்க மாட்டார்களா என்ன என்று மிதுனா கேட்டாள். கேட்கட்டும்.

நேற்று மத்தியானம், லின் தந்த எண் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு தரம் போன் எடுத்தேன். மணி அடித்ததும் எடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவே இல்லை.

"சாப்பிட்டிட்டாள்!" என்றார்.

மிதுனா எனக்கு எதிரே இருந்து அப்போதுதான் முதல் பிடியை வாயில் வைத்தாள்.